டெஸ் கார்மோடியின் ஒரு நிமிடம்

எங்கள் பூரண்டில் ஊர் கிளப்பில் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு பிரமாதமாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது எனக்கும் வாயில் எச்சில் ஊறத்தான் செய்கிறது. பசியால் அல்ல, துப்புவதற்கு.

டெஸ் கார்மோடி என் பக்கத்து வீட்டுக்காரர். வாரநாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். சனிக்கிழமை வந்தால், சுற்றுவட்டாரத்தில் எங்கே குதிரைப் பந்தயம் நடந்தாலும் மைதானத்துக் கோபுரத்தில் ஏறி, வர்ணனை சொல்ல மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசமாட்டார். மைக் கைக்கு வந்துவிட்டால் போதும், வாயில் மடை திறந்துகொள்ளும். பன்னிரண்டு குதிரைகள் ஒரே புழுதியாக வரும். எது முன்னே, எது வேலியோரம், எது மூச்சு வாங்குகிறது என்று ஒரு பெயர்கூடத் தவறாமல் சொல்லிக்கொண்டே போவார். கேட்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டும்.

அதற்குப் பின்னால் உழைப்பு இருந்தது. பந்தய நாளன்று காலை சமையலறை மேஜையில் கறுப்புத் தேநீரோடு உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி நோரீன் அடுப்படியில் நின்றபடியே, “பச்சை, வெள்ளைப் பட்டை, சிவப்புத் தொப்பி?” என்று ஜாக்கியின் சட்டை நிறத்தைச் சொல்வாள். அவர் குதிரையின் பெயரைச் சொல்வார். “மஞ்சள், கறுப்புப் புள்ளி?” இன்னொரு பெயர். கணவன் மனைவி பேசிக்கொள்வதற்கு எத்தனையோ விஷயம் உண்டு. அவர்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் இதுதான். என் வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்கும்.

ஒரு வருஷம் கோப்பைப் பந்தயத்தன்று மழை கொட்டியது. கடைசித் திருப்பத்தில் வந்த ஜாக்கிகள் எல்லாரும் தலையிலிருந்து கால்வரை ஒரே சேறு. வேறு ஆளாக இருந்தால் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிச் சமாளித்திருப்பான். டெஸ் மைக்கில் சொன்னார்: “முன்னால வர்றது யாருன்னு எனக்குத் தெரியலீங்க. பெத்த தாய்க்கே தெரியாது. யாரா இருந்தாலும் நல்லா ஓடுறாங்க, அது மட்டும் நிச்சயம்.” மைதானமே சிரித்தது. அது அவரோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. சிரிப்பில் எத்தனை ரகம் உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

அவருக்கு எழுபது நெருங்கும்போது, அதே கோப்பைப் பந்தயத்தில், நல்ல வெயிலில், நாக்கு நின்றுபோனது. குதிரைகளை அடைத்து நிறுத்தும் தொடக்கக் கதவுகள் திறந்தன, குதிரைகள் பாய்ந்தன, டெஸ் தொடங்கினார். பாதி வட்டம் சரியாகப் போயிற்று. பிறகு, “பழுப்பு… பழுப்பு முன்னால வருது… அந்தப் பக்கம் அது… அந்தப் பழுப்பு…” என்றார். ஓடியவற்றில் பாதிக்குமேல் பழுப்பு. கூட்டம் முதலில் விழித்தது, அப்புறம் சிரித்தது.

கிளப்பின் தலைவன் கார்த் பிக்கரிங். பந்தயக் குழுவுக்கும் அவன்தான் தலைவன். டிராக்டர் விற்கிறவன், ஊரில் பாதிப்பேர் அவனிடம் வேலை பார்க்கிறார்கள், மீதிப்பேர் அவனிடம் டிராக்டர் வாங்கியிருக்கிறார்கள். அவன் கோபுரத்தில் ஏறி மைக்கை வாங்கி, “மன்னிக்கணும் மக்களே, நம்ம டெஸ் இன்னிக்கிக் குதிரைங்களவிட அதிகமாத் தண்ணி குடிச்சிட்டாரு” என்றான். பந்தய நாளில் டெஸ் ஒரு சொட்டு பீர் தொடமாட்டார் என்பது கார்த்துக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் டெஸ் நோரீனிடம் சொன்னாராம்: “பேரு வாசல்ல வந்து நிக்குது நோரீன். கூப்பிட்டா உள்ள வரமாட்டேங்குது.”

பஸ் சாவியை அவரே போய்ப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வந்தார். வழி மறக்கவில்லை, கை கால் நடுங்கவில்லை. “பிள்ளைங்க பேரு வரல. பேரு தெரியாத பிள்ளைய நான் யாரு வீட்டு வாசல்ல இறக்கறது?” என்றார். அவ்வளவுதான். இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர்.

பக்கத்துப் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் மாதத்தில் ஒருநாள் மறதி நோய்க்கான மருத்துவ முகாம் நடக்கும். நான்தான் காரோட்டிக்கொண்டு போனேன். உள்ளேயும் வரச் சொல்லி நோரீன் என் கையை விடவில்லை.

சோதித்தது ஃபிலிப்பா என்கிற நர்ஸ். அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். டெஸ்ஸின் காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்று பார்த்தாள். வராந்தாவில் தள்ளுவண்டி கடகடத்தது, கதவைச் சாத்தினாள். பிறகு எதிரே உட்கார்ந்து, “டெஸ், ஒரு நிமிஷம் தர்றேன். உங்களுக்குத் தெரிஞ்ச மிருகம், பறவை, பூச்சி, எது வேணாலும் சொல்லலாம். எவ்ளோ முடியுதோ அவ்ளோ. ஆரம்பிக்கலாமா?” என்றாள்.

“குதிரை” என்றார் டெஸ்.

நான் மனசுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். இனி கொட்டிவிடும் என்று நினைத்தேன்.

“நாய்.” நிறுத்தம். “குதிரை.” இன்னும் நீளமான நிறுத்தம். “அது… கம்பளி… வெட்டுவாங்களே… ஆடு.”

ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அந்த அறையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். நோரீனின் உதடு தானாகவே குவிந்தது, ‘பூ’ என்று. பூனையை எடுத்துக்கொடுக்கப் பார்த்தாள். ஃபிலிப்பா அவளைப் பார்க்காமலே உள்ளங்கையை லேசாக உயர்த்தினாள். நோரீன் வாயை மூடிக்கொண்டு பையின் வாரை முறுக்கினாள். டெஸ் இன்னும் ஒரு மாடும் ஒரு குதிரையும் சொல்வதற்குள் நேரம் முடிந்தது.

அடுத்தது எழுத்து. எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். எஃப் என்றால் எங்கள் ஊர் ஆம்பிளைகளுக்கு முதலில் எந்த வார்த்தை வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. டெஸ் அதைச் சொல்லிவிட்டு முகம் சிவந்து, “தப்பா நினைக்காதம்மா” என்றார்.

“வார்த்தைதானே டெஸ். எழுதிக்கிட்டேன்” என்றாள் ஃபிலிப்பா. அன்றைக்கு எல்லாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வரைபடம் பார்த்து வழி சொல்வது, கட்டங்களைப் பார்த்து வரைவது, போன வாரம் நடந்ததைச் சொல்வது எல்லாம் ஓரளவு நன்றாகவே செய்தார். வார்த்தையைத் தேடி எடுப்பதுதான் முடியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மூளை டாக்டர் பார்த்தார். மறதி நோயில் ஒரு வகை நினைவுக்கு முன்னால் பேச்சைத் தின்ன ஆரம்பிக்குமாம். டெஸ்ஸுக்கு வந்தது அது.

கிளம்பும்போது ஃபிலிப்பா நோரீனைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: “இது புத்திசாலியா முட்டாளான்னு பாக்கற பரீட்சை இல்ல. இதை மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்றதும் இல்ல. உள்ள இருக்கற வார்த்தைய வெளிய எடுக்க அவரு எவ்ளோ சிரமப்படறாருன்னு பாக்கறோம். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இதை வீட்ல பழக்காதீங்க. நல்லதுன்னு நினைச்சுப் பலபேரு பழக்கறாங்க. அப்புறம் அடுத்த தடவ எனக்கு அவரோட நிலமை தெரியாது, பழக்கம்தான் தெரியும்.”

நோரீன் இதை அப்படியே மகனிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பிரெண்டன் அவர்களுக்கு ஒரே பிள்ளை. கார்த் பிக்கரிங்கின் கடையில் உதிரிப் பாகம் விற்கிறான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன், முதுகெலும்பு இல்லாதவன். கெட்டவனை எதிர்த்தாவது நிற்கலாம். இந்த மாதிரி ஆளை எங்கே பிடித்து நிறுத்துவது? அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருக்கும்போதே போனில் ஒரு நிமிடத்துக்கு மணியை வைத்து, “அப்பா, மிருகம் சொல்லு பாப்போம்” என்று ஆரம்பித்தான். நோரீன் குழம்புக் கிண்ணத்தை மேஜையில் ஓங்கி வைத்தாள். குழம்பு அவன் சட்டையில் தெறித்தது. “என் வீட்ல இது கூடாது” என்றாள். அவன் கேட்டுக்கொண்டான். அவள் வீட்டில் அதற்குப் பிறகு நடக்கவில்லை.

கொஞ்ச நாளில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாவை நான் கிளப்புக்குக் கூட்டிப்போகிறேன் என்றான். “நீயும் கொஞ்சம் ஓய்வா இருப்பேல்லம்மா.”

நோரீனுக்குக் கண் கலங்கிவிட்டது. டெஸ்ஸை விட்டு அவள் கடைக்குக்கூடப் போக முடியாத காலம் அது. வெள்ளிக்கிழமை அவர்கள் கிளம்பியதும் என் வீட்டுக்கு வருவாள். சீட்டாடுவோம். செருப்பைக் கழற்றிக் காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு, “எல்லாருக்கும் இப்படி ஒரு பிள்ளை கிடைக்காது லோர்னா” என்பாள். நானும் ஆமாம் என்றேன்.

டெஸ் சந்தோஷமாகத் திரும்பி வருவார். கன்னம் சிவந்திருக்கும். சில சமயம் பிரெண்டன் கையில் ஒரு பொட்டலம் சாஸேஜ் இருக்கும். “கிளப்ல குடுத்தாங்க” என்பான். நோரீன் அதை வெங்காயம் போட்டு வறுத்து எனக்கும் ஒரு தட்டு கொண்டுவருவாள். இரண்டுபேரும் தின்றோம். அது எதற்குக் கிடைத்த கூலி என்று தெரிந்த பிறகு, இன்றுவரை சாஸேஜ் என் தொண்டையில் இறங்குவதில்லை.

ஆறுமாதம் கழித்து, எங்கள் பக்கத்துக் கோடையான பிப்ரவரி வெயிலில், மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே அறை, அதே ஃபிலிப்பா. காதுக் கருவியைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். “ஒரு நிமிஷம் டெஸ். மிருகங்க.”

டெஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். வலது கையை முஷ்டியாக்கி மோவாய்க்குக் கீழே கொண்டுவந்தார், மைக் பிடிப்பதுபோல.

“குதிரை, நாய், மாடு, ஆடு, பன்னி, கோழி, கங்காரு, முயல், எலி, பாம்பு, நோரீன்.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். எங்கள் மூன்றுபேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு இளிப்பு தயாராக இருந்தது. எதற்கோ காத்திருந்தார். எங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றதும், நாங்கள் காதில் வாங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் உரக்க, “நோரீன்!” என்றார்.

ஃபிலிப்பாவின் பேனா நின்றிருந்தது. நேரம் முடியும்வரை அவள் அசையவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: “டெஸ், நோரீன் யாரு?”

“என் பொண்டாட்டி” என்றார் டெஸ், பட்டென்று. இதென்ன கேள்வி என்பதுபோல நோரீனின் முழங்கையைத் தட்டினார்.

“சரி. இப்ப மிருகம் வேண்டாம். கடையில வாங்கற சாமான் சொல்லுங்க.”

“ரொட்டி” என்றார். முஷ்டி மோவாய்க்குக் கீழேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கி மடிக்கு வந்தது. அந்த நிமிடம் முழுக்க அந்த ஒரு ரொட்டிதான்.

ஃபிலிப்பா பேனாவை மூடினாள். “யாரோ இவருக்கு இதைப் பழக்கியிருக்காங்க. வீட்ல இல்லன்னு உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது” என்று நோரீனிடம் சொன்னாள்.

வரும் வழியில் அறுத்து முடித்த கோதுமை வயல்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டே இருந்தன. பின்சீட்டில் டெஸ் தூங்கிவிட்டார். ஊருக்குப் பக்கத்தில் வந்தபோது, “வெள்ளிக்கிழமை” என்றாள் நோரீன். எனக்கும் அதுவே தோன்றியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பிரெண்டன் வந்து அப்பாவை அழைத்துப்போனான். நாங்கள் கொஞ்சம் பொறுத்து நடந்தே போனோம். பகல் வெளிச்சம் இன்னும் இருந்தது. கிளப் வாசலிலேயே எண்ணெயில் பொரிகிற வாசனையும் நேற்றைய பீர் கம்பளத்தில் ஊறிப்போன நாற்றமும் வந்தன. உள்ளே நிற்க இடமில்லை. சுவரில் இருந்த கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: டெஸ் கார்மோடி நிமிஷம்.

வெள்ளிக்கிழமைதோறும் கிளப்பில் இறைச்சித் தட்டுக்குக் குலுக்கல் நடப்பது பழைய வழக்கம். அதைக் கார்த் மாற்றியிருந்தான். டெஸ் ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகம் சொல்வார் என்று ஒவ்வொருவரும் பீர் கோப்பைக்கு அடியில் வைக்கிற அட்டையில் எழுதிப் போட வேண்டும். சரியாகச் சொன்னவருக்குத் தட்டு. மேடை ஓரத்து மேஜையில் அது இருந்தது: எலும்போடு ஆட்டுத் துண்டுகள், மாட்டு இறைச்சி, சாஸேஜ் சுருள், மேலே இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக், அதற்குக் கீழே தேங்கிய ரத்தம்.

டெஸ் மேடையில் நின்றார். கையில் மைக். சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, தலையை வாரிவிட்டிருந்தான் பிரெண்டன். அவர் பக்கத்தில் போனில் மணியைப் பார்த்துக்கொண்டு அவனும் நின்றான்.

“போலாமா டெஸ்? கதவு தொறந்தாச்சு!” என்று கார்த் கத்தினான்.

“குதிரை” என்றார் டெஸ். “ஒண்ணு!” என்றது கூட்டம். “நாய்.” “ரெண்டு!” அவர் மறுபடி குதிரை என்றபோது ‘ஊ’ என்று ஊளையிட்டார்கள். யார் யார் என்று பார்த்தேன். அவர் பஸ்ஸில் சிறுநீர் கழித்துவிட்டு அழுத பயல்கள், இப்போது மீசையும் தொப்பையுமாக. பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை ஹில்டா வைஸ். எனக்கு உறவான இரண்டுபேர். எல்லாரும் விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பாம்பு வரைக்கும் வந்து டெஸ் முட்டி நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. அப்போது பார் பக்கமிருந்து ஒரு குரல்: “வீட்ல ஒண்ணு வளக்கறியே டெஸ்!”

கூட்டம் ஒரே குரலில் எடுத்துக்கொடுத்தது: “நோ–ரீன்!”

“நோரீன்” என்றார் டெஸ், மைக்கில். அந்தச் சிரிப்பில் கூரை அதிர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது. கோபுரத்தில் நின்ற காலத்து முகம்.

நோரீன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். அவளைப் பார்த்தவர்கள் பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவராக அடங்கினார்கள். மேடைக்கு வருவதற்குள் சமையலறையில் எண்ணெய் கொதிக்கும் சத்தம்தான் கேட்டது.

“அட, நோரீன்! வா வா. சும்மா ஒரு விளையாட்டு” என்றான் கார்த்.

“என் பேர முதல்ல சொல்லிக்குடுத்தது யாரு?” என்று கேட்டாள். குரல் உயரவில்லை. “திட்டமாட்டேன். மூஞ்சியப் பாக்கணும், அவ்ளோதான்.”

அவள் மகனைப் பார்த்தாள்.

“அம்மா, வீட்ல போய்ப் பேசிக்கலாம்” என்றான் பிரெண்டன்.

“வீட்லதான் இது கூடாதுன்னு சொன்னேனே. அதனாலதான் இங்க கூட்டிட்டு வந்தியா?”

கார்த் நடுவில் புகுந்தான். “இங்க பாரு நோரீன், டெஸ்ஸுக்கு இது பிடிச்சிருக்கு. வாரம் பூரா வீட்ல மூலைல உக்காந்திருக்கான். மைக்கக் கையில குடுத்தா எப்படி ஆயிடறான் பாரு. நாங்க குடுத்தோம். நீ குடுத்தியா?”

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால்தான் அது அவ்வளவு நாறியது.

நோரீன் அவன் பக்கம் திரும்பினாள். “அவருக்குப் பிடிச்சிருக்கு. அது தெரியுது. உனக்கு ஏன் பிடிச்சிருக்குன்னு சொல்லு.”

அவன் இளித்தான். அவனுக்கும் வார்த்தை வாசலில் நின்றுவிட்டது போலும்.

அவள் மைக்கை வாங்கக் கை நீட்டினாள். டெஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டார். வேகமாகவே தட்டினார். “இன்னும் முடியல” என்றார். அந்த மாதத்தில் அவர் முழுதாகச் சொன்ன வாக்கியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

“சரி டெஸ், முடி” என்று நோரீன் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். “குதிரை” என்றார். யாரும் எண்ணவில்லை. “குதிரை… நாய்… குதிரை.” அந்த அமைதி அவருக்குப் புரியவில்லை. கூட்டத்தைத் தேடினார். பிரெண்டன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் டெஸ் நிறுத்திவிட்டுக் காத்திருந்தபோது, நோரீன் கைதட்டினாள். தனியாக. பின்னாலிருந்து நானும் தட்டினேன். அவர் தலையை லேசாகக் குனிந்து ஏற்றுக்கொண்டு, மைக்கை அவளிடம் கொடுத்தார். அவள் அதை மேஜையில் வைத்தாள். மூவரும் வீட்டுக்கு வந்தோம்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? நோரீனுக்குத் தமாஷ் தெரியாது என்றது. நல்ல மனசோடு செய்ததை அசிங்கப்படுத்திவிட்டாள் என்றது. ரொட்டிக் கடையில் என் காதுபடவே சொன்னார்கள்.

ஞாயிறு காலை அவள் வாசற்படியில் ஓர் இறைச்சித் தட்டு இருந்தது. ‘மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம், கிளப் நண்பர்கள்’ என்று ஓர் அட்டை அதில் செருகியிருந்தது. நான் தூக்கிக் குப்பையில் போடப் போனேன்.

“தொடாத” என்றாள் நோரீன்.

பிப்ரவரி மாதம். நிழலிலேயே நாற்பது டிகிரி. மதியத்துக்குள் பிளாஸ்டிக் உப்பியது. மறுநாள் அது பிளந்துகொண்டது. ஈக்கள் கறுப்புத் துணி விரித்ததுபோல மொய்த்தன. ஒரு பழுப்புத் திரவம் படியிலிருந்து இறங்கி ரோஜாச் செடிப் பக்கம் ஊர்ந்தது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் ஜன்னல்களை எல்லாம் மூடி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்தேன். தபால்காரர் வேலிக்கு வெளியிலேயே கடிதத்தைப் போட்டுவிட்டு ஓடினார். நகராட்சியிலிருந்து ஓர் ஆள் வந்து புகார் வந்திருக்கிறது என்றான்.

“எங்க வீட்டுச் சாமான் இல்லப்பா. கிளப்போடது. அவங்களையே வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு” என்றாள் நோரீன்.

கடைசியில் கார்த் பிக்கரிங்கே வந்தான். ஒரு வாளி, ரப்பர் கையுறை, மூக்கில் கட்டிய கைக்குட்டை. தட்டைத் தூக்கியபோது அடிப்பகுதி கழன்று அவன் காலணிமேல் விழுந்தது. அதில் புழு நெளிந்தது. அவன் வேலியோரம் ஓடிப்போய்க் குனிந்து வாந்தியெடுத்தான். நோரீன் ஜன்னலுக்குப் பின்னால் தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ்ஸும் அவள் பக்கத்தில் நின்று பார்த்தார். நான் என் வேலியில் கையூன்றிக்கொண்டு பார்த்தேன். அந்த நாற்றம் எனக்கு அதற்குப் பிறகு தெரியவில்லை.

ஹில்டா வைஸ் மட்டும் நேரில் வந்தாள். வாசலில் நின்று, “நானும் அட்டையில எழுதிப் போட்டேன் நோரீன்” என்று அழுதாள்.

“எத்தனைன்னு எழுதின?”

“பன்னெண்டு.”

“ஜெயிச்சியா?”

“இல்ல.”

“சரி, போ.”

கேடு அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிட, உடை மாற்றிவிட ஓர் உதவியாள் கேட்டு நோரீன் அரசாங்கத்துக்கு எழுதிப்போட்டிருந்தாள். அந்த மிருகக் கணக்கை நம்பக்கூடாது என்று ஃபிலிப்பா தெளிவாகத்தான் எழுதினாள். எங்கேயோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுத்தைப் படிக்கவில்லை, எண்ணை மட்டும் படித்தான். “போன தடவையவிட அதிகமாச் சொல்லியிருக்காரே. தேறியிருக்காருன்னுதானே அர்த்தம்?” என்று போனில் கேட்டான். ஃபிலிப்பா அவனோடு மாசக்கணக்கில் மல்லுக்கட்டினாள். அதற்குள் இலையுதிர் காலம் போய்க் குளிர் வந்துவிட்டது. டெஸ்ஸைக் குளிப்பாட்டும்போது வழுக்கி விழுந்து நோரீன் மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையோடுதான் உதவியாளுக்குக் கதவைத் திறந்தாள்.

டெஸ்ஸிடம் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. முதலில் மாடு போயிற்று, ஆடு போயிற்று. நாய் போயிற்று. நோரீன் என்ற பெயர் சில காலம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, யாராவது சிரிப்பார்களா என்று பார்ப்பார். அந்தப் பழக்கம் மட்டும் கடைசிவரை போகவில்லை. அவள் ஒவ்வொரு தடவையும், “என்ன டெஸ்?” என்று மட்டும் கேட்பாள். நானாக இருந்தால் கிளப்புக்கே தீ வைத்திருப்பேன்.

இரண்டு குளிர்காலம் தாங்கினார். நெஞ்சுச் சளியில் போனார். சவ அடக்கம் முடிந்து தேநீரும் சாண்ட்விச்சும் மாதாகோவில் கூடத்தில்தான் கொடுத்தாள். கிளப்பில் இலவசமாகவே இடம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். கார்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். ஒரு பந்தயத்துக்கு டெஸ்ஸின் பெயரை வைக்கக் குழு தீர்மானித்திருக்கிறது என்றான்.

“வைங்க. நிறுத்தாமப் பேரு சொல்ற ஆள் ஒருத்தனப் பிடிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்தவரிடம் கை குலுக்கப் போய்விட்டாள்.

பிரெண்டன் இன்னமும் அதே கார்த்திடம்தான் வேலை பார்க்கிறான். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஞாயிறுதோறும் வந்து புல் வெட்டுவான். அப்பாவைக் கொல்லைப் பக்கமாக வந்து பார்த்துவிட்டுப் போவான். நோரீன் தேநீரைப் பின்படியில் வைப்பாள். ஈ வராமல் போட்டிருக்கிற வலைக்கதவைத் திறக்கமாட்டாள். அவன் படியிலேயே உட்கார்ந்து குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். அடக்கம் முடிந்தும் அப்படியேதான் நடந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு, புல் வெட்டி முடித்து அவன் படியில் உட்காரப் போனபோது, வலைக்கதவு திறந்தது. “உள்ள வந்து குடி” என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுநாளே கேட்டேன். “எப்படிடி உனக்கு மனசு வந்துச்சு? அப்பன மேடையேத்தினவன் அவன்.”

நோரீன் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னாள்: “தெரியும் லோர்னா. முட்டி வலிக்குது. குனிஞ்சு குனிஞ்சு படியில கோப்பை வைக்க முடியல.”

அது காரணம் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் அவள் வயிற்றில் பிறந்தவன்; அவள் என்ன செய்வாள்? எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “லோர்னா, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்பான். நான் துணி உலர்த்தும் கொடிப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.